ஒன்பதாம் நாள் கக்கும் டவர்

குரு என்றால் தாடி இருக்கும் என்று நினைப்பவர்கள் இத்தோடு எழுந்து போகலாம். இந்தக் குருவுக்கு வயது முப்பத்தாறு, தலையில் மஞ்சள் ஹெல்மெட், பெயர் மரகதவல்லி. சீடர் திருவேங்கடத்துக்கு ஐம்பது. பாய்லர் பிரிவில் இருபது வருஷம் குப்பை கொட்டிவிட்டு, காய்ச்சி வடிக்கும் டவர் வரைய மரகதவல்லியிடம் கற்றுக்கொண்டவர். சீடரைக் குரு 'சார்' என்பார், குருவைச் சீடர் 'மேடம்' என்பார்.

மருந்துக் கம்பெனிகள் கழித்த திரவத்தைப் பிரிப்பதற்காகத் திருவேங்கடம் வரைந்ததுதான் அவருடைய முதல் டவர். உள்ளே நாற்பது தட்டு. ஆல்கஹால் ஆவியாகி மேலே போகும், தண்ணீர் கீழே இறங்கும். எட்டு நாள் சமர்த்தாக ஓடும். ஒன்பதாம் நாள் அழுத்தம் எகிறி, தண்ணீரை மேலே கக்கிவிடும். சேர்த்து வைத்த ஆல்கஹால் ஒரு தொட்டி பாழ்.

மூன்று தடவை கக்கியது. மூன்று தடவையும் ஷிப்டில் இருந்தவர் ஆபரேட்டர் செபஸ்தியான். டவரைச் சூடாக்கும் நீராவியை அவர் அதிகமாகத் திறந்துவிட்டதாகத் திருவேங்கடமே அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டார். மறுநாள் விசாரணை. செபஸ்தியானுக்கு வேலை போய்விடும் என்று கேன்டீன் முழுக்கப் பேச்சு.

"என் கணக்குல தப்பே இல்ல மேடம். நாலு வாட்டி பார்த்துட்டேன். அந்த ஆளுக்குத்தான் கை சும்மா இருக்காது."

மரகதவல்லி டவரின் ஏணியில் ஏறினார். திருவேங்கடம் மூச்சு வாங்கிக்கொண்டே பின்னால் ஏறினார்.

டவரின் நடுவில், பதினெட்டாம் தட்டு. அங்கே இருந்த சின்னக் குழாயைத் திறந்து அரை பாட்டில் பிடித்தார் மரகதவல்லி. ஆறவிட்டு, அதில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினார். மேலே எண்ணெய் மாதிரி ஏதோ திரண்டு மிதந்தது.

"மோந்து பாருங்க சார்."

அழுகிய வாழைப்பழமும் பெயின்ட்டும் கலந்த நெடி. திருவேங்கடத்துக்கு இருமல் வந்துவிட்டது.

"ஐயையோ! இது அமைல் ஆல்கஹால் ஆச்சே! வேற ரக ஆல்கஹால். திரவத்துல என்னென்ன இருக்குங்கிற பட்டியல்லேருந்தே இதை நான் அடிச்சுட்டேனே."

"ஏன் அடிச்சீங்க?"

"ஆயிரத்துல ஒரு பங்குகூட இல்ல மேடம். இத்துனூண்டு."

"நீங்க அடிச்சது காகிதத்துல. டவருக்கு யார் போய்ச் சொன்னா?"

திருவேங்கடம் பாட்டிலையே பார்த்தார்.

"சரி, இது நம்ம ஆல்கஹாலோட சேர்ந்து மேல போயிருக்கணுமே?"

"மேல முழுக்க அந்த ஆல்கஹால் கூட்டம். அங்க இது கனம். கீழ தள்ளிடும்."

"அப்ப தண்ணியோட கீழ போகட்டுமே."

"அங்க தண்ணிக் கூட்டம். அங்க இது லேசு. மறுபடி மேல வந்துடும். வேற எங்க போகும், பாவம்? இங்கயே கிடந்து சேருது. எட்டு நாள் தாங்குது. அப்புறம் டவர் என்ன பண்ணும்?"

திருவேங்கடம் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கீழே பம்புக்குப் பக்கத்தில் செபஸ்தியான் அளவு குறித்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தட்டுல பக்கவாட்டா ஒரு குழாய் வச்சு, இதை மட்டும் வெளியே எடுத்துட்டா சரியாயிடுமா மேடம்?"

"ஆயிடும்."

"அப்ப டவரை ரெண்டு நாள் நிறுத்திட்டு வச்சுடறேன். அப்புறம் கக்கவே கக்காது." அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்த அறிக்கை... அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே. எனக்கு இது முதல் டவர். பேர் கெட்டுடும்."

சொல்லும்போதே அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டார்.

மரகதவல்லி பாட்டிலை மூடினார்.

"டவருக்குக் குழாய் வச்சுடலாம் சார். இந்த அறிக்கையும் உள்ள கிடந்து சேருமே, உங்களுக்கு எங்க வைக்கிறது?"