தலையணைக்குள் டொக் டொக்

முன்னொரு காலத்தில், ராஜாவின் தூக்கம் கெட்டால் ஊரின் உயிர் ஊசலாடிய காலத்தில், விசயகண்டன் என்றோர் அரசன் இருந்தான். ஒருநாள் பகல் உணவு முடித்துப் படுத்தவன் அலறிக்கொண்டு எழுந்தான்.

"தலையணையில் காதை வைத்தால் டொக் டொக் என்று கேட்கிறதே! என் அரண்மனையில் இது என்ன அக்கிரமம்?"

அமைச்சர் தந்திரபாலருக்கு மதிலை ஒட்டிய கன்னார் தெருவின்மேல் வெகுநாளாகக் கண். அங்கே மாளிகை கட்ட ஆசை. "பாத்திரம் தட்டும் கன்னார்கள்தான், மன்னா! இன்றே தெருவை இடிப்போம். சத்தம் போடுவது எதுவானாலும் என் கையாலேயே நொறுக்குவேன், இது சத்தியம்!" என்றார்.

"அப்படியே ஆகட்டும்" என்றான் அரசன். அடப் பாவமே, ஒரே வார்த்தையில் அத்தனை குடும்பமும் நடுத்தெருவுக்கு வந்தது! இடிக்க யானைகளும் புறப்பட்டுவிட்டன.

விகடகவி பிச்சாண்டி பதறி ஓடிவந்தான். "அரசே, இடிக்குமுன் அந்தச் சத்தத்தை அளந்து பார்க்க வேண்டாமா?"

"சத்தத்தை அளப்பதா!" கூடியிருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

பிச்சாண்டி அரசனைப் படுக்கவைத்து, கட்டிலருகே வெண்கலத் தட்டில் ஒரு மிளகைப் போட்டான். கேட்டது. கடுகைப் போட்டான். கேட்கவில்லை. கன்னார்களைச் சுத்தியலைக் கீழே வைக்கச் சொன்னான். கடுகு கேட்டது.

"டொக் டொக் போயிற்றா, அரசே?"

"இல்லையே!"

கிளிக்கூண்டு வெளியே போனது. விசிறி நின்றது. சிலம்பு அணிந்த ராணியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். இப்போது எள் விழுவதுகூடக் கேட்டது. அரசன் துள்ளி எழுந்தான்.

"அடக் கொடுமையே! டொக் டொக் இன்னும் பலமாக அல்லவா கேட்கிறது!"

பிச்சாண்டி சட்டென்று அரசனின் மார்பில் காதை வைத்தான். பிறகு, முறையிட வந்து வாசலில் நின்ற ஒரு கன்னானின் சுத்தியலை வாங்கி அமைச்சர் கையில் திணித்தான்.

"கண்டுபிடித்துவிட்டேன். சத்தம் இந்த நெஞ்சிலிருந்துதான் வருகிறது. அமைச்சரே, சத்தியம் செய்தீர்களே, நொறுக்குங்கள்!"

காவலர்களின் வேல்கள் அமைச்சரை நோக்கித் திரும்பின. அவர் கையிலிருந்து நழுவிய சுத்தியல் அவர் கால்விரலிலேயே விழுந்தது. அரசன் வெளிறிப்போய் மார்பைத் தொட்டுப் பார்த்தான். அதே டொக் டொக்!

"ஐயையோ, என் நெஞ்சு அடித்ததற்கா ஊரார் வீட்டை இடிக்கச் சொன்னேன்? இதை எப்படியடா குறைப்பது?"

"காதைத் தலையணையில் அழுத்தாமல் மல்லாந்து படுங்கள், அரசே."

அரசன் படுத்துப் பார்த்தான். சத்தமே இல்லை! விழுந்து விழுந்து சிரித்தான். யானைகளைத் திரும்ப அழைத்தான். வெண்கலத் தட்டு நிறையப் பொன்னை அள்ளிப் பிச்சாண்டிக்குக் கொடுத்தான்.

"தந்திரபாலரே, ஆசைப்பட்டீரே, கன்னார் தெருவின் நடுவிலேயே உமக்கொரு வீடு தருகிறேன். நாளையே குடிபோம்!"

பாவம் அமைச்சர், அங்கே மல்லாந்தும் படுத்துப் பார்த்தார், குப்புறவும் படுத்துப் பார்த்தார், டொக் டொக் மட்டும் நிற்கவே இல்லை.