பின்னால் ஒரு சக்கரம்

"ஏறத் தெரியுது டீச்சர். இறங்கத்தான் முடியல."

சகாயநாதன் இதைச் சொன்னபோது இருவரும் ஒரு குன்றின் உச்சியில் நின்றிருந்தார்கள். சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம். அடியில் மணிக்கூண்டோடு ஒரு சின்ன ஊர். அந்த ஊருக்கும் அவருக்கும் நடுவே வளைந்து வளைந்து இறங்கியது தார்ச்சாலை.

பிரான்சில் போஜொலே பக்கத்துச் சைக்கிள்காரர்கள் பலருக்கு அவரைத் தெரியும். எல்லோரும் மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார்கள். இறக்கம் வந்ததும் ஏறி உட்காருவார்கள். இவர் நேர்மாறு. எவ்வளவு செங்குத்தான மேடானாலும் மூச்சு வாங்க மிதித்தே ஏறிவிடுவார். உச்சி வந்ததும் கீழே குதித்து, கயிற்றைப் பிடித்து மாட்டை ஓட்டிப் போகிறவரைப் போல, சைக்கிளை நடத்திக்கொண்டு இறங்குவார்.

பிறந்தது புதுச்சேரி. லியோனில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறை அவர் பொறுப்பில் இருந்தது. ஓய்வு பெற இன்னும் சில வருஷங்கள்.

டீச்சர் என்று அவர் கூப்பிட்ட பிலோமினா அவரைவிட ரொம்பவும் சின்னவள். காரைக்காலிலிருந்து கைக்குழந்தையாக வந்தவள். ஒரு காலத்தில் மலைப் பந்தயங்களில் கலந்துகொண்டவள். இப்போது வளர்ந்தவர்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். அவளிடம் கேள்வி கேட்டால் பதில் கிடைக்காது, வேலைதான் கிடைக்கும் என்பார்கள்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"முன்னாடி ஒரு தடவை விழுந்தேன்."

"எல்லாரும் விழறதுதானே அண்ணே."

"நான் விழுந்தது பெரிசில்ல. என் சம்சாரம் ரெஜினா பின்னாடி வந்தா. என் பின்சக்கரத்தையே பார்த்துக்கிட்டு, நான் திரும்புற பக்கம் திரும்பி, நான் போற வேகத்துல வந்தா. வளைவுல சரளைக்கல் கிடந்துச்சு. நான் சறுக்கினேன். அவ என் மேல மோதி, திராட்சைக்கொடி கட்டுற கம்பிக்கு நடுவுல போய் விழுந்தா. இடுப்பெலும்பு முறிஞ்சிடுச்சு."

"இப்போ எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்கா. என்னைவிட வேகமா ஓட்டுறா. முன்னல்லாம் கீழ போய் எனக்காகக் காத்திருப்பா. போன மாசத்தோட அதையும் விட்டுட்டா. 'நீங்க நடந்து வந்து சேர்றதுக்குள்ள எனக்கு வயசாயிடும்'னு சொல்லிட்டா."

சிரிக்கத்தான் சொன்னார். ஆனால் அவருக்கே சிரிப்பு வரவில்லை.

"வீட்டுல நாங்க அதிகம் பேசிக்க மாட்டோம் டீச்சர். ஞாயித்துக்கிழமை காலையில சைக்கிள்ல போறப்பதான் பேச்சு. அவ இப்போ தனியாப் போறா. நான் தனியாப் போறேன்."

பிலோமினா சாலையைப் பார்த்தபடி நின்றாள்.

"இந்தப் பயம் போகணும். அது போயிட்டா நான் இறங்கிடுவேன். போறதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

"நீங்க முன்னாடி போங்க" என்றாள் பிலோமினா.

"நீங்க?"

"பின்னாடி வரேன்."

அவர் முகம் வெளுத்துவிட்டது.

"என் பின்னாடி யாரும் வர வேணாம்."

பட்டென்று திரும்பி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். கொஞ்ச தூரம் போனதும் முதுகுக்குப் பின்னால் 'டிக் டிக்' என்று இன்னொரு சக்கரம் உருளும் சத்தம். திரும்பிப் பார்த்தார்.

அவளும் இறங்கி நடந்து வந்துகொண்டிருந்தாள்.

கொடிகளுக்கு நடுவே களை எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பிரெஞ்சில் கேட்டார்.

"சைக்கிள் ரெண்டும் பழுதா?"

"இல்லை" என்றாள் பிலோமினா.

"பின்னே ஏன் நடக்கிறீர்கள்?"

"இவர் நடக்கிறார்."

அந்த மனிதர் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்துகொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. மேட்டில் இருவரும் மிதித்தார்கள். இறக்கத்தில் அவர் நடந்தார். அவள் பின்னால் நடந்தாள். பக்கத்தில் பறந்து போன சைக்கிள்காரர்கள் கையை ஆட்டிச் சிரித்துவிட்டுப் போனார்கள். சகாயநாதனுக்குக் காது சூடாகிவிட்டது. பாதி வழியில் நின்றார்.

"பிரேக்கை எப்படிப் பிடிக்கணும், வளைவுல உடம்பை எப்படிச் சாய்க்கணும், ஏதாவது சொல்லித் தரக்கூடாதா?"

"அதெல்லாம் உங்களுக்குத் தெரியும்."

"அப்போ எனக்குத் தெரியாதது என்ன?"

அவள் சட்டையின் பின்பையிலிருந்து ஒரு ஆப்ரிகாட் பழத்தை எடுத்தாள். இரண்டாகப் பிய்த்து, கொட்டையில்லாத பாதியை அவரிடம் நீட்டினாள்.

தின்றார். புளித்தது. மேற்கொண்டு நடந்தார்.

இனிமேல் வருவதில்லை என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டார். ஆனாலும் அதற்கடுத்த ஞாயிறும் வந்தார்.

அன்று காலையிலிருந்தே புழுக்கம். கொடியில் ஓர் இலைகூட அசையவில்லை. அவர்கள் உச்சிக்கு வந்து சேர்ந்தபோது மேற்கே வானம் கத்தரிக்காய் நிறத்தில் கனத்துக் கிடந்தது. தூரத்தில் ஏதோ ஒரு ஊரில், புயல் வருகிறதென்று மாதா கோயில் மணியை விடாமல் அடித்தார்கள்.

தோட்டங்களில் இருந்தவர்கள் கூடையையும் கத்தரிக்கோலையும் போட்டுவிட்டு வண்டிகளுக்கு ஓடினார்கள். அவர்களில் ஒரு பெண் இவர்களைப் பார்த்துக் கத்தினாள்:

"ஆலங்கட்டி வருது! கீழே போங்க! இங்கே ஒதுங்க இடமில்லை!"

உண்மைதான். மொட்டைக் குன்று. ஒரு மரம்கூட இல்லை. மின்னல் ஒன்று அடுத்த குன்றின் மேல் இறங்கியது.

"டீச்சர், நீங்க போயிடுங்க. நான் எப்படியாவது வந்துடறேன்."

"நீங்க நடந்தா நானும் நடப்பேன்."

"விளையாடாதீங்க! முட்டை முட்டையா விழும்!"

"விழட்டும்."

அவர் அவளைப் பார்த்தார். அவள் நகர்கிற மாதிரி இல்லை. முதல் கட்டி தார்ச்சாலையில் விழுந்து துள்ளி, உடைந்தது.

சகாயநாதன் 'யேசுவே' என்று சொல்லிக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

சாலை அவரைக் கீழே இழுத்தது. காற்று காதில் ஊளையிட்டது. முதுகு முழுக்கக் கண்ணாகிவிட்டதுபோல் இருந்தது அவருக்கு. பின்னால் ஒருத்தி வருகிறாள். தன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு வருகிறாள்.

"இடது வளைவு!" என்று கத்தினார்.

"சரி!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"சரளைக்கல்! வலது ஓரம்! நடுவுல வாங்க!"

"சரி!"

"டிராக்டர் வருது!"

"சரி!"

ஒவ்வொரு 'சரி'யும் வந்த பிறகுதான் அவருக்கு அடுத்த மூச்சு வந்தது. கை தானாகப் பிரேக்கை அமுக்கியது, தளர்த்தியது. உடம்பு தானாகச் சாய்ந்தது.

"குழி! இடது பக்கம் குழி!"

பதில் இல்லை.

"டீச்சர்! குழி!"

பதில் இல்லை. திரும்பவும் முடியாது, எதிரே வளைவு. வளைவை எடுத்துக்கொண்டே தொண்டை கிழியக் கத்தினார்.

"பிலோமினா!"

"சரி! சரி! வாயில பூச்சி போயிடுச்சு!"

அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை. அந்தச் சத்தத்தோடு கடைசி வளைவும் கழிந்து, சாலை தட்டையாகி, ஊரின் முதல் வீடு வந்துவிட்டது.

அந்தக் காலத்தில் ஊர்ப் பெண்கள் துணி துவைத்த கல் தொட்டி ஒன்று அங்கே இருந்தது. மேலே ஓட்டுக் கூரை. இருவரும் சைக்கிளோடு அதற்குள் நுழைந்தார்கள். அடுத்த நொடி வானம் கொட்டியது. கூரை அதிர்ந்தது. தெருவெல்லாம் வெள்ளையாகி, கட்டிகள் துள்ளித் துள்ளி உருண்டன.

சகாயநாதன் அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தார். ஒரு கீறல் இல்லை. மறுபடியும் பார்த்தார். தொட்டியின் விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்தார். எத்தனையோ நாளாகச் சுமந்து வந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல் தோள் இரண்டும் தளர்ந்தன.

பிலோமினா ஹெல்மெட்டைக் கழற்ற முயன்றுகொண்டிருந்தாள். தாடைக்குக் கீழே உள்ள கொக்கி அகப்படவில்லை. விரல்கள் அதைத் தொட்டுத் தொட்டு வழுக்கின.

"குளிருதா?" என்று கேட்டார்.

"இல்ல."

"கை இப்படி நடுங்குதே?"

"இறங்கினா நடுங்கும்."

"உங்களுக்கா?"

"ம்."

"பந்தயத்துலயெல்லாம் இறங்கியிருக்கீங்களே! அப்போ?"

"அப்பவும்."

"இது எப்போ ஆரம்பிச்சது?"

"முதல் நாள்."

கூரைமேல் ஆலங்கட்டியின் இரைச்சல் குறைந்து, வெறும் மழையாக மாறிக்கொண்டிருந்தது. சகாயநாதன் அவள் கைகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். சைக்கிளைத் தெருப் பக்கமாகத் திருப்பி நிறுத்தினார்.

"கொக்கியை விடுங்க" என்றார். "ஹெல்மெட் தலையிலேயே இருக்கட்டும். மழை விட்டதும் இன்னொரு தடவை ஏறி இறங்கலாம்."