கடைசி வரிசை மொச்சை

கரட்டுக் காட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. முயல், அணில், மான், மயில் என்று குஞ்சும் குட்டியுமாக அறுபது பிள்ளைகள். பாடம் நடத்த ஒரே ஒரு மைனா, செவ்வந்தி டீச்சர். ஆற்றங்கரைப் பள்ளியில் நிழலும் தண்ணீரும் உண்டு. அங்கே நாலு கீரி வாத்தியார்கள் பத்துப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டார்கள்.

வேடர்கள் கண்ணி வைக்கும் காலம் நெருங்கியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் கண்ணியைக் கிட்டத்தில் காட்ட வேண்டும். முன்வரிசைக்குக் காட்டி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பின்வரிசைக்கு முறையே வராது.

அந்த நேரம் பார்த்து நரி அமைச்சர் பள்ளியைப் பார்வையிட வந்தார்.

"ஐயா, இன்னும் ரெண்டு வாத்தியார் வேணும்!" என்றார் டீச்சர்.

"காடு முழுக்க உள்ள பிள்ளைங்களையும் வாத்தியாருங்களையும் கூட்டிப் பங்கு போட்டுப் பாத்தாச்சும்மா. கணக்கு சரியா வருது! எங்கே, பாடத்தைச் சொல்லச் சொல்லுங்க!"

"நில்லு! பாரு! சுத்திப் போ!"

பிள்ளைகள் போட்ட கத்தலில் காடே அதிர்ந்தது. நரிக்கு ஒரே குஷி. தானும் சேர்ந்து ராகம் போட்டார்.

"எல்லாருக்கும் தலைகீழ்ப் பாடம்!"

"ஒவ்வொருத்தரா கேட்டுப் பாருங்க ஐயா!"

"அதுக்கெல்லாம் எனக்கு ஏது நேரம்?"

கடைசி வரிசையில் மொச்சை என்ற முயல்குட்டி இருந்தது. திரும்பிப் போகக் கிளம்பிய நரி அதைக் கூப்பிட்டார். "குறுக்கு வழி காட்டு பாப்பா!"

மொச்சை முன்னே துள்ளிக்கொண்டு போனது. டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. அவரும் மேலே பறந்தபடி கூடவே போனார்.

புதரோரம் வளையமாக ஒரு கயிறு கிடந்தது. மொச்சை நேராக அதை நோக்கிப் போனது!

"மொச்சை, நில்லு!"

மொச்சை சட்டென்று நின்றது. பாடத்தை முணுமுணுத்தபடி வந்த நரி நிற்கவில்லை. கயிறு அவர் காலைச் சுருக்கிப் பிடித்தது.

"ஐயோ, என் காலு! ஏ குட்டி, பாடத்தை அவ்வளவு சத்தமா சொன்னியே!"

"எல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னேன்." மொச்சை கயிற்றை எட்டிப் பார்த்தது. "டீச்சர், இதுதான் கண்ணியா? நான் இப்பத்தான் பாக்கறேன்!"

டீச்சர் அணில்களை அழைத்துக் கயிற்றைக் கடிக்கச் சொன்னார்.

மறுநாள் ரெண்டு கீரி வாத்தியார்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கரட்டுப் பள்ளிக்கு வந்து சேர்ந்தார்கள். பின்னாலேயே நரியும் நொண்டிக்கொண்டு வந்தார். மொச்சைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒரு தடவை கிட்டத்துல காட்டுங்கம்மா!" என்றார்.

கடைசி வரிசைப் பிள்ளையையும் கவனிக்கும் அளவுக்கு ஆசிரியர்கள் இருந்தால்தான் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக இருக்கும்.