முட்டை மேல் உட்கார்ந்தது யார்?

முன்னொரு காலத்தில் நாணலூர்ச் சீமையை விசயரங்கன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். ஆண்டான் என்பதைவிட வேவு பார்த்தான் என்பதே சரி. சோற்றில் உப்புக் கூடினால் சமையல்காரன் எதிரிநாட்டு ஆளோ என்பான். குறைந்தால், அப்படி எங்கே ஓடுகிற அவசரம் என்பான். அப்பேர்ப்பட்ட சந்தேகப் பிராணி!

அவன் ராணி வஞ்சியம்மை ஏரி, மதகு, கரை வேலையில் கெட்டிக்காரி. விடிந்ததும் குதிரையேறிக் கரையைச் சுற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். ஊரே அவளைக் கும்பிட்டது. ராஜாவுக்கு மட்டும் அதிலும் சந்தேகம். தினம் தினம் ஏரிக்கரையில் அப்படி என்னதான் இருக்கிறது?

அந்த நெருப்பில் நெய் ஊற்றியவர் பிரதானி நரசிங்கர். ராணி வீட்டோடு அடங்கினால் ஏரி அதிகாரம் தன் மைத்துனனுக்கு வரும் என்று அவருக்கு ஒரு நப்பாசை. ஒருநாள் ராஜாவை அல்லிக்குளத்துக்கு அழைத்துப்போய், மிதக்கும் இலைமேல் அடைகாத்த இலைக்கோழியைக் காட்டினார். வெயிலிலும் மழையிலும் அசையாமல் இருக்கிறாளே, இவளல்லவா பெண் என்று உருகினார்.

ராஜா உடனே சபையைக் கூட்டினான். இனி இந்தப் பறவையின் வழக்கமே அரண்மனை வழக்கம், நாலாம் நாள் முதல் ராணி அந்தப்புரத்துக்குள், பூட்டு வெளியே என்று உத்தரவு போட்டான். மழைக்காலம் வருகிறது, மதகு பாதியில் நிற்கிறதே என்று ராணி சொல்லிப் பார்த்தாள். யார் கேட்டார்கள்? பாவம், அவள் முகம் செத்துப்போயிற்று.

அந்த நேரம் சபைக்குப் பூக்கொண்டு வந்திருந்த மருதாயி களுக்கென்று சிரித்துவிட்டாள். அல்லிக்குளத்தில் பரிசல் விட்டுத் தாமரை பறிக்கிறவள் அவள்.

"யார் சொல்லிச் சிரித்தாய்?" என்றான் ராஜா.

"யாரும் சொல்லலீங்க மகாராசா. முட்டைமேல உக்காந்திருக்கிறது பொட்டை இல்லீங்க, சேவல். அவ முட்டையை இட்டுட்டுப் போயிடுவா. அடைகாக்கிறதும் குஞ்சு வளக்கிறதும் அவன் பாடுதான்."

இவள் ராணி ஏவிவிட்ட ஆள் என்று பிரதானி ராஜாவின் காதைக் கடித்தார். ராஜாவுக்கும் அப்படித்தான் பட்டது. சொன்னது பொய்யானால் நாடு கடத்துவேன் என்றான்.

மருதாயி அசரவில்லை. "என்னை நம்பாதீங்க மகாராசா. பிரதானி ஐயாவையும் நம்பாதீங்க. உங்களுக்குக் கண்ணு இருக்கே, வந்து பாருங்க."

யாரையும் நம்பாதே என்று ஒருத்தி வாயால் கேட்டதும் ராஜாவுக்கு அவளைக் கொஞ்சம் பிடித்துப்போயிற்று.

மறுநாள் விடியலில் ராஜா பரிசலில் குந்தினான். தலையில் தாமரை இலை, பக்கத்தில் பிரதானி. கொஞ்ச நேரத்தில் பருத்த இலைக்கோழி ஒன்று வந்தது. அடையில் இருந்த சின்னது எழுந்து வழிவிட்டது. பருத்தது முட்டை இட்டுவிட்டுப் போய்விட்டது. சின்னது மறுபடி உட்கார்ந்துகொண்டது. மருதாயி பழக்கி வைத்திருப்பாளோ என்று ராஜா அவள் கையையே பார்த்தான். இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள் பின்னாலேயே பரிசலை விடச் சொன்னான். குளத்தின் அக்கரையில் வேறொரு சேவல் கூடு கட்டிக் காத்திருந்தது. பருத்தவள் அதனோடு கூடினாள்.

இந்தக் குளத்தில்தான் இப்படியா என்று ராஜா இழுத்தான். கடலில் கடல்குதிரைக்கு ஆண்தான் பிள்ளை சுமக்கும், களவா மீன் பெண்ணாக வளர்ந்து பிறகு ஆணாக மாறும், கடலோரத்தில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்றாள் மருதாயி. மதியச் சாப்பாட்டில் ராஜா மீனைத் தொடவில்லை.

சபை கூடியது. பிரதானி முந்திக்கொண்டு, அது ஒழுக்கங்கெட்ட பறவை, அம்பெய்து கொல்லுங்கள் என்றார்.

"பெண் என்று நினைத்தபோது தெய்வம், ஆண் என்று தெரிந்ததும் ஒழுக்கக்கேடா?" என்றான் ராஜா. அந்தக் கூட்டில் குஞ்சு பொரிக்கும்வரை பரிசலில் உட்கார்ந்து காக்கை விரட்டும்படி அவரையே அனுப்பினான். குளத்துத் தாமரை முழுதும் மருதாயிக்கு என்று பட்டயம் கொடுத்தான். பிறகு ராணியைப் பார்த்து அசடு வழிந்தான். பறவை வழக்கப்படி இனி நான்தான் உள்ளே இருக்கவேண்டுமோ என்றான்.

ராணி சிரிக்கவில்லை. "ஒரு பறவையைச் சந்தேகப்பட்டு மூன்று நாள் போய்ப் பார்த்தீர்கள். என்னோடு ஏரிக்கரைக்கு ஒருநாளாவது வந்தீர்களா?"

மறுநாள் விடியலில் ஏரிக்கரையில் இரண்டு குதிரைகள் போயின. முன்னால் போனது ராணியுடையது.