ராஜாவின் படகும் பட்டறை அரமும்

முன்னொரு காலத்தில் நெடுந்துறை நாட்டை மகிழ்மாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் நினைத்தால் மாலை, நினைத்தால் சிறை. அவருக்கு ஒரே சுகம் மதியத் தூக்கம். கண் அசந்தால் ஒரு கனவு வரும். அகலமான ஆறு, அதில் ஒரு படகு. துடுப்புப் போடுவது யாரென்று தெரியாது, சர்ர்க்... சர்ர்க்... என்று சத்தம் மட்டும் கேட்கும். அக்கரையில் மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு, இறந்துபோன ராணி நின்றிருப்பாள். நாளுக்கு நாள் படகு அவளை நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆனி பிறந்ததும் படகு நடு ஆற்றில் நின்றுவிட்டது. துடுப்புச் சத்தம் போய் ஏதோ கிறீச்சிட்டது. முகம்கூடத் தெரியாத தூரத்தில் ராணி. ராஜா விழித்தால் தலையணை நனைந்திருக்கும்.

"என் படகை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள்!" என்று சபையில் கத்தினார்.

பண்டகசாலை அதிகாரி மாசிலாமணிக்கு மந்திரி சிற்றம்பலத்தைக் கண்டாலே ஆகாது. சந்தர்ப்பத்தை விடுவாரா?

"மகாராஜா, எல்லாம் மந்திரியின் கண்ணேறுதான். இரும்பு ராவுகிற அரம் பழசாகிவிட்டதே என்று, ஆனி பிறந்த அன்று மலிவாக, பளபளவென்று புதுசு வாங்கி அரண்மனைப் பட்டறையில் போட்டேன். அதைப் பார்த்தே இவர் முகம் சுளித்தார். உங்கள் கனவை விட்டுவைப்பாரா?"

"சிற்றம்பலம்! நாளை மதியம் என் படகு நகர வேண்டும். இல்லையென்றால் நீர் நாட்டைவிட்டு நகரும்!"

"நகர்த்திவிடலாம் மகாராஜா. அந்தக் கிறீச் சத்தத்தை ஒருமுறை செய்து காட்டுங்களேன்."

ராஜா பல்லைக் கடித்துச் செய்து காட்டினார். சபை சிரிப்பை விழுங்கியது. மந்திரி மட்டும் சாளரத்துக்குக் கீழே தெரிந்த பட்டறைக் கூரையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்.

மறுநாள் மதியம், மந்திரி சொன்னபடி, ராஜாவின் கட்டில் சபைக்கே வந்தது. பக்கத்தில் ஒரு திரை. ராஜா கண்ணை மூடினார். கிறீச்... கிறீச்... படகு அசையவில்லை.

"நகரலையே..." என்று முனகினார். மாசிலாமணி கனைத்துக்கொள்வது அரைத் தூக்கத்திலும் கேட்டது.

கிறீச் சத்தம் நின்று, வேறொரு சத்தம் எழுந்தது. சர்ர்க்... சர்ர்க்... படகு மெல்லக் கிளம்பியது. சபையில் பாதிப் பேருக்குக் கண் சொருகியது. ராஜாவுக்கோ ஆற்றுநீர் வாசனை வந்தது, மஞ்சள் சேலை தெரிந்தது, வளையல் சத்தமும் கேட்டது. ராணி கையை நீட்டினாள். இன்னும் ஒரு முழம்தான்.

சத்தம் நின்றது.

"எவனடா நிறுத்தினது?" ராஜா துள்ளி எழுந்தார்.

மந்திரி திரையை விலக்கினார். பட்டறைக் கொல்லர் வெள்ளையன், கையில் கறுத்துப்போன ஓர் அரத்தோடு நின்றிருந்தார்.

"உங்கள் துடுப்பு இதுதான் மகாராஜா. உங்கள் படுக்கையறைக்குக் கீழேதானே பட்டறை? முதலில் கேட்டது புது அரம். இரும்பைக் கடிக்காமல் வழுக்கியது. அடுத்தது உங்கள் தாத்தா காலத்து அரம். ஆளும் ஒருவரே, இரும்பும் ஒன்றே."

"மற்ற பழைய அரமெல்லாம் எங்கே?"

"மாசிலாமணி மூட்டை கட்டி மூலையில் போட்டுவிட்டார். இதை மட்டும் வெள்ளையன் இடுப்பில் செருகிக் காப்பாற்றினார்."

"புதுசு... பார்க்க நன்றாக இருந்தது, மகாராஜா..." மாசிலாமணிக்கு நாக்குக் குழறியது.

"பார்க்க நீரும்தான் நன்றாக இருக்கிறீர்! துறைமுகத்தில் ஒரு நங்கூரச் சங்கிலி கிடக்கிறது. உம்முடைய புது அரத்தால் அதை ராவி அறுத்துவிட்டுச் சபைக்கு வாரும்."

போனவர் இன்னும் வரவில்லை.

மூட்டை அவிழ்ந்தது, பழைய அரங்கள் பட்டறைக்குத் திரும்பின. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டார். ஆனாலும் ஆற்றாமை அடங்கவில்லை.

"அவள் கை நீட்டுகிற நேரம் பார்த்தா ஐயா நிறுத்துவது?"

"கரை சேர்ந்திருந்தால் துடுப்பை விசாரித்திருப்பீர்களா, மகாராஜா?"

ராஜா சிரித்தபடி மறுபடி படுத்தார். சர்ர்க்... சர்ர்க்... படகு கரை தட்டியது.

"ஏன் இத்தனை தாமதம்?" என்று கேட்டாள் ராணி.

"மலிவாகக் கிடைத்ததென்று ஒரு துடுப்பு வாங்கிவிட்டோம்," என்று சொல்லி, ராஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.