ஏழாவது விட்டம்

கோட்டைக்கரை ராஜா மணிமகுட பூபதி புதிதாக ஒரு கொலு மண்டபம் கட்டினார். கூரைச் சட்டங்களை மரையாணி போட்டு இணைத்தவர் அங்கப்ப ஆசாரி. அந்த வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித்தரப் பார்த்து ஏமாந்தவர் அமைச்சர் தாண்டவராயர். அவருக்கு வயிற்றெரிச்சல் அடங்கவேயில்லை.

ராஜா கூரையைப் பார்வையிட வந்தார்.

"ஆணியைச் சட்டத்தின் முனையில் போடாமல் ஏன் இவ்வளவு தள்ளிப் போட்டிருக்கிறாய்?"

"முனையில போட்டா மரம் பிளந்துடும் மகாராஜா. அதான் ஏழு விட்டம் விட்டிருக்கேன்."

தாண்டவராயர் கூரை தாங்கும் மர விட்டங்களை அண்ணாந்து எண்ணினார். "ஒன்று, இரண்டு... ஆறு! கூரையில் ஆறு விட்டம்தான் இருக்கிறது. ஏழாவது எங்கே? அரண்மனைத் தேக்கைத் திருடிவிட்டான் பிரபோ!"

பாவம், உளி பிடிக்கத் தெரிந்த அளவுக்கு ஆசாரிக்குப் பேசத் தெரியாது.

"ஏழாவது விட்டத்தைக் காட்டு. இல்லாவிட்டால் பாதாளச் சிறை!" என்றார் ராஜா.

அரண்மனை விகடர் ஏகாம்பரம் முன்னே வந்தார். "நான் காட்டுகிறேன் அரசே."

ஆசாரியின் பையிலிருந்து ஒரு மரையாணியை எடுத்தார். "இதன் குறுக்களவுக்கும் விட்டம் என்றுதானே பெயர்?" சாரத்தில் ஏறி, சட்டத்தின் முனையிலிருந்து ஆணி வரைக்கும் அந்த அளவால் அளந்தார். சரியாக ஏழு.

அமைச்சர் விடவில்லை. "இதெல்லாம் சாக்கு! முனையில் போட்டால் மரம் பிளக்கவே பிளக்காது."

"அப்படியா? மெத்தச் சரி."

ஏகாம்பரம் இரண்டு சட்டங்களைச் செங்குத்தாகத் தொங்கவிட்டார். ஒன்றின் கீழ்முனையை ஒட்டி ஆணி. மற்றதில் ஏழு விட்டம் மேலே ஆணி. இரண்டு ஆணியிலும் ஊஞ்சல் கட்டினார். ஆசாரி தன் ஆணியை நம்பி உட்கார்ந்தார். ஊஞ்சல் ஆடியது. அமைச்சர் முனை ஆணியை நம்பி உட்கார்ந்தார்.

சடார்! மரம் பிளந்தது. அமைச்சர் மல்லாந்து கிடந்தார்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி ஆசாரி கழுத்தில் போட்டார். பிறகு உத்தரவிட்டார்: "இனி ஆசாரி வேலை செய்யும் இடத்தில் அமைச்சர் ஏழு விட்டம் தள்ளியே நிற்க வேண்டும்!"

இடுப்பைத் தேய்த்தபடி எழுந்த தாண்டவராயருக்கு உயிர் வந்தது. "ஏழு ஆணிக் கனம்தானே பிரபோ? ஒரு சாண்கூட வராது!"

"ஆணி விட்டமா?" என்றார் ஏகாம்பரம். "உங்கள் தொப்பை விட்டம், அமைச்சரே!"