செம்போத்து மார்க் போட்ட கதை

பாறைச் சுனையில் நான்கு பாடகர்கள் இருந்தார்கள். மரத்தவளை அஞ்சலை, சில்வண்டு சிங்காரம், பல்லி சுடலை, தேரை பொன்னுரங்கம். அந்தக் காட்டில் இவர்கள் குழுவைத் தெரியாத பிராணி கிடையாது. மழை மேகம் கூடிவிட்டால் போதும், முயல்கள் குட்டிகளை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடும். குரங்குகள் கிளையில் இடம் பிடித்துச் சண்டை போடும். காட்டுப்பன்றிகூடக் குளித்துவிட்டு வரும்.

அஞ்சலைதான் பாட்டை எடுப்பாள். அவள் குரல் மேலே ஏறும்போது சிங்காரம் இறக்கையை உரசிக் கூடவே ஏறுவான். சுடலை நாக்கைச் சொடுக்கித் தாளம் போடுவான். பொன்னுரங்கத்துக்குத் தெரிந்தது ஒரே ஒரு சுரம். "ம்ர்ர்ர்" என்று அதை அடியில் பிடித்தான் என்றால் பாட்டு முடியும்வரை விடமாட்டான்.

அந்தச் சுனையில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் தனியாகப் பாடக் கூடாது. ஒருவர் வாய் திறந்தால் மற்ற மூவரும் உடனே சேர்ந்துகொள்ள வேண்டும். ஏன் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. அப்பா அம்மா அப்படிப் பாடினார்கள், இவர்களும் அப்படியே பாடினார்கள்.

நால்வரும் சேர்ந்து பாடினால் சத்தம் பாறைக் குழி முழுக்க நிரம்பிவிடும். பாட்டு எல்லாப் பக்கமிருந்தும் வருவது போல இருக்கும். எந்தப் பொந்தில் யார் உட்கார்ந்து பாடுகிறார்கள் என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாது.

இது நன்றாகத் தெரிந்த ஒரு பறவை அங்கே இருந்தது. அதுதான் செம்போத்து. செங்கல் நிற இறக்கையைச் சால்வை மாதிரி போர்த்திக்கொண்டு, சிவந்த கண்ணை உருட்டிக்கொண்டு, புதருக்குள் நடந்தே திரியும். ஒவ்வொரு மழைக்கும் கோரைப் புல்லுக்குள் புகுந்து இவர்களைத் தேடும். சத்தம் இடது பக்கம் கேட்கும், அங்கே போனால் வலது பக்கம் கேட்கும். கடைசியில் அதன் கால் சேறானதுதான் மிச்சம்.

இது இப்படியிருக்க, ரசிகர்களுக்கு வேறு வேலை இல்லாமல் போயிற்று. பாட்டைக் கேட்டோமா, வீட்டுக்குப் போனோமா என்று இல்லாமல் பாடியவர்களை எடை போட ஆரம்பித்தார்கள்.

"அஞ்சலை இல்லேன்னா அந்தக் குழுவே இல்லை!" என்றன குரங்குகள்.

"போங்கடா! சுடலை தாளத்தை நிறுத்தினா உங்க அஞ்சலை நட்டாத்துல நிப்பா!" என்றன அணில்கள்.

"ரெண்டு பேரும் கிடக்கட்டும். சிங்காரம் இழுக்கிற இழுப்புக்கு ஈடு எது?" என்றது காட்டுப்பன்றி.

கல்லுக்கு அடியில் உட்கார்ந்திருந்த பொன்னுரங்கம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். தன் பெயர் வரும், வரும் என்று பார்த்தான். கடைசியில் ஒரு முயல் கேட்டது.

"நாலாவதா ஒருத்தன் இருக்கானே, அவன் என்ன பண்றான்?"

"அந்தச் சுருதிப்பெட்டியா? அஞ்சலைக்குத் தூரத்துச் சொந்தமா இருக்கும். பாவம்னு கூட வச்சிருக்காங்க!" என்றது ஒரு குரங்கு.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்று முழுக்க ஒரு ஈசலைக்கூடப் பொன்னுரங்கம் தொடவில்லை. தன்னையும் ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாராவது ஒருவர் பெரிய வித்வான் என்று சொல்லிக் கேட்டுவிட வேண்டும். அதைவிடப் பெரிய ஆசை அவனுக்கு இந்த உலகத்தில் இல்லை.

ரசிகர்கள் பேச்சைச் செம்போத்தும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மறுநாள் காலை சுனைக்கரையில் வந்து நின்று தொண்டையைச் செருமியது.

"வித்வான்களே! உங்க பாட்டைப் பல காலமா நுணுக்கமாக் கேட்டுட்டு வரேன். இந்தக் காட்டுல யாருக்கும் கேட்கத் தெரியலை. அஞ்சலையாம், சுடலையாம்! அடியிலே ஒரு குரல் ஓடுதே, அது யாரோடது? அந்த மகாவித்வான் பேரு என்ன?"

பொன்னுரங்கத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "நான்தாங்க ஐயா! பொன்னுரங்கம்!" என்று கல்லுக்கடியிலிருந்து கத்தினான். சொல்லிவிட்டு இன்னும் உள்ளே நகர்ந்துகொண்டான். ஆசை இருந்தாலும் பயமும் இருந்தது.

"அப்படியா! ஆனா நாலு பேரும் சேர்ந்து பாடினா யாரு உசத்தின்னு நான் எப்படிச் சொல்ல முடியும்? யானை ராஜா தன் வீட்டுக் கல்யாணக் கச்சேரிக்குப் பாடகர்களைப் பார்த்து அனுப்பச் சொல்லியிருக்கார். தினம் ஒருத்தர் தனியாப் பாடுங்க. மத்தவங்க வாயைத் திறக்கக் கூடாது. நான் மார்க் போடுறேன்."

அஞ்சலைக்கு இது பிடிக்கவில்லை. "இவரு நம்மளைத் தின்கிறவராச்சே! இவருக்கு எதுக்குப் பாட்டு?" என்றாள்.

"அம்மா, உங்களை வெளியே வரச் சொன்னேனா?" என்றது செம்போத்து. "அவங்கவங்க பொந்துலேயே இருங்க. உங்க முகத்தைக்கூட நான் பார்க்க வேண்டாம். எனக்குக் காது போதும்."

இது நியாயமாகத்தான் பட்டது. சிங்காரத்துக்கும் சுடலைக்கும் உள்ளுக்குள் ஆசை இருந்தது. தன்னைத்தான் முதலில் வைப்பார்கள் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள்.

"நாம தனியாப் பாடினதே இல்லையே! வழக்கத்தை மீற வேண்டாம், ரங்கண்ணே. நீங்க பெரியவரு, நீங்களே சொல்லுங்க" என்றாள் அஞ்சலை.

"உனக்கு என்ன, ஊரெல்லாம் உன் பேருதான். போட்டின்னா பயமா இருக்கோ?" என்றான் பொன்னுரங்கம்.

அஞ்சலை தன் தாழம்புதருக்குத் திரும்பினாள்.

முதல் நாள் சிங்காரம் பாடினான். பாறை இடுக்கிலிருந்து அவன் குரல் நூல் பிடித்தது போல நேராகக் கிளம்பியது. உச்சிக்கு ஏறியது. ஏறிய இடத்திலேயே சட்டென்று நின்றுவிட்டது.

'மூச்சு பத்தவில்லை' என்று பொன்னுரங்கம் மனசுக்குள் மார்க் குறைத்தான். 'இவனைப் போய் ஈடு இல்லை என்றார்களே!'

"சிங்காரம் தேறிட்டார்! கையோட ராஜா வீட்டுக்கு அனுப்பிட்டேன்!" என்று செம்போத்து அறிவித்தது.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாமலா போனாரு?" என்றாள் அஞ்சலை.

"பெரிய இடத்துக்குப் போறவங்களுக்கு நம்ம ஞாபகம் எங்கே இருக்கும்!" என்றான் சுடலை. அவன் குரலில் இருந்தது கவலை அல்ல, பொறாமை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பொன்னுரங்கத்துக்கும் அதே பொறாமைதான்.

இரண்டாம் நாள் சுடலையின் முறை. மரப்பட்டைக்கு அடியிலிருந்து தாளம் கிளம்பியது. அடேயப்பா, என்ன விறுவிறுப்பு! இலைகள்கூட ஆடின. ஆனால் முத்தாய்ப்பு வைக்க வேண்டிய இடத்தில் சொடுக்கு விழவில்லை. பிறந்ததிலிருந்து தாளம் தப்பாத சுடலைக்குத் தாளம் தப்பிவிட்டது!

பொன்னுரங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. அவன் கணக்கில் இரண்டு பேர் சறுக்கியாயிற்று. இனி அஞ்சலை மட்டும்தான். செம்போத்து அந்தப் பக்கம் நகர்ந்ததும் சுடலை பாடிய இடத்தைப் பார்க்கத் தத்தித் தத்திப் போனான். எங்கே தப்பினான் என்று அவனிடமே கேட்டு ரசிக்கலாம் என்று நினைத்தான்.

மரப்பட்டை பிய்ந்து கிடந்தது. கீழே ஒரு வால் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது.

பொன்னுரங்கம் அதையே பார்த்தபடி நின்றான். அப்புறம் பாறை இடுக்குக்குப் போனான். அங்கே சிங்காரத்தின் இறக்கை ஒன்று கிடந்தது. எறும்புகள் அதை இழுத்துக்கொண்டிருந்தன.

அவன் ஒன்றும் முட்டாள் இல்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் புரிந்ததை ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. மேடை பயத்தில் பல்லி வாலை உதிர்ப்பது உண்டுதானே? வயசானால் வண்டுக்கு இறக்கை கழன்று விழாதா? இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டே திரும்பினான்.

அஞ்சலை அவனுக்காகக் காத்திருந்தாள். "ரங்கண்ணே, அங்கே போனீங்களே, என்ன பார்த்தீங்க? எனக்கு மனசே சரியில்லை. போட்டி வேண்டாம்னு சொல்லிடலாமா?"

அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் சொன்னால் போட்டி நின்றுவிடும். போட்டி நின்றால் அவன் முறை வராது. அவன் முறை வராவிட்டால் சாகும்வரை சுருதிப்பெட்டிதான்.

"ஒண்ணுமில்லை. ரெண்டு பேரும் கிளம்பிப் போயிட்டானுங்க போல. நீ பாட்டுக்குப் போய்ப் பாடு!" என்றான்.

"நீங்க சொன்னாச் சரிதான்" என்றாள் அஞ்சலை. அவனை அவள் அவ்வளவு நம்பினாள்.

மூன்றாம் நாள் தாழம்புதரிலிருந்து அவள் பாடத் தொடங்கினாள். அவள் தனியாகப் பாடிப் பொன்னுரங்கம் கேட்டதே இல்லை. அவ்வளவு அழகாக இருந்தது. ஆனால் குரல் நடுநடுவே தடுமாறியது. அடியில் ஏதோ ஒன்று இல்லாததைத் தேடுவது போல அது சுற்றிச் சுற்றி வந்தது.

அவள் தேடியது தன்னுடைய சுரத்தைத்தான் என்று பொன்னுரங்கத்துக்குத் தெரிந்தது. பழக்க தோஷத்தில் அவன் தொண்டை தானாக உப்பியது. கோரை மெல்ல அசைந்தது. செங்கல் நிற இறக்கை ஒன்று சத்தமில்லாமல் தாழம்புதரை நோக்கி நகர்ந்தது. இப்போது "ம்ர்ர்ர்" என்று ஒரு சத்தம் கொடுத்தால் பாறைக் குழி நிரம்பிவிடும். செம்போத்துக்கு அவள் இருக்கும் இடம் தெரியாமல் போய்விடும்.

'போட்டியில் எதிராளிக்கு யாராவது துணை பாடுவார்களா?' என்று நினைத்தான். தொண்டையில் உப்பிய காற்றை அப்படியே விழுங்கிவிட்டான்.

புதர் சலசலத்தது. பாட்டு நின்றது.

"அடுத்தது பொன்னுரங்கம்!" என்று செம்போத்து குரல் கொடுத்தது. அது மறுநாள்வரைகூடக் காத்திருக்கவில்லை.

பொன்னுரங்கம் ஓடிப்போயிருக்கலாம். ஆனால் இவ்வளவு தூரம் வந்த பிறகு தீர்ப்பைக் கேட்காமல் ஓடினால் மூன்று பேர் போனதும் வீணாகிவிடும் என்று நினைத்தான். பாருங்கள், அவன் புத்தி போன போக்கை! கண்ணை மூடிக்கொண்டு தன் ஒரே சுரத்தைப் பிடித்தான்.

"ம்ர்ர்ர்ர்..."

கல் புரண்டது. அலகு அவன் முதுகைக் கவ்வித் தூக்கியது. அடுத்த நொடி செம்போத்து முகத்தைச் சுளித்து அவனைத் துப்பியது. பொன்னுரங்கம் சேற்றில் மல்லாந்து விழுந்தான். முதுகெல்லாம் ரத்தம்.

"தூ! தூ! தேரையா நீ? குரலைக் கேட்டுப் பெரிய தவளைன்னுல்ல நினைச்சேன்!" செம்போத்து அலகைப் புல்லில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தது.

பொன்னுரங்கம் அப்போதும் உயிருக்குக் கெஞ்சவில்லை. "ஐயா, நான் பாடினது எப்படி இருந்தது? நாலு பேர்ல நான் எத்தனாவது?" என்று கேட்டான்.

"எந்தப் பாட்டு?" என்றது செம்போத்து. "எனக்கு நீங்க எங்கே உட்கார்ந்திருக்கீங்கன்னு தெரியணும், அவ்வளவுதான்."

"அப்போ அஞ்சலை? சிங்காரம், சுடலை? அவங்கள்ல யாரு உசத்தி?"

"எல்லாரும் ஒரே ருசிதான். ஒண்ணும் வித்தியாசம் தெரியலை. நீ மட்டும்தான் தனி. கசக்கிறே!"

இதைச் சொல்லிவிட்டுச் செம்போத்து சால்வை இறக்கையை உதறிப் போர்த்திக்கொண்டு நடந்துபோனது.

சில நாளில் நல்ல மழை மேகம் கூடியது. முயல்கள் குட்டிகளோடு வந்தன. குரங்குகள் இடம் பிடித்தன. காட்டுப்பன்றி குளித்துவிட்டு வந்தது. எல்லோரும் பாட்டுக்காகக் காத்திருந்தார்கள்.

பொன்னுரங்கம் காயம்பட்ட முதுகோடு கல்லுக்கடியிலிருந்து வெளியே வந்தான். இனி ஒளிவதற்கு அவசியம் இல்லை. அவனைத் தின்ன யாருக்கும் ஆசை இல்லை. சுனையில் இருந்த ஒரே பாடகன் அவன்தான். தொண்டையை உப்பித் தன் சுரத்தைப் பிடித்தான். முன்பு போலவே விடாமல் பிடித்தான்.

கூட்டம் பொறுமையாகக் கேட்டது. வெகுநேரம் கேட்டது. மழை விட்டு வெயில்கூட வந்துவிட்டது.

"பாட்டு எப்போங்க ஆரம்பிக்கும்?" என்று முன்வரிசை முயல் மரியாதையாகக் கேட்டது.

பொன்னுரங்கம் அதே சுரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தான். ஒவ்வொருவராக எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.

தோழர்களில் யார் உசத்தி என்று சொல்ல வருகிறவனுக்கு அதில் என்ன லாபம் என்று கேட்காமல் அவன் தராசில் ஏறுகிறவன், தோழர்களையும் இழப்பான், கேட்க ஆசைப்பட்ட பாராட்டையும் கேட்கமாட்டான்.